ஒரு துண்டுகூடக் கிடையாது

"ஒரு துண்டுகூடக் கிடையாது! வந்த வழியப் பாத்துப் போ!"

மலர்க்கொடி போட்ட கூச்சலில், கிளிஞ்சல்மேடு மீனவர் குடியிருப்பில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஷர்லோத் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

இத்தனைக்கும் "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்று போனில் வழி சொல்லி அழைத்ததே இந்த அம்மாதான்.

ஷர்லோத் காரைக்கால் டவுன் பெண். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். புதுச்சேரியில் நுரையீரல் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். மலர்க்கொடியின் கணவர் மாணிக்கவேலுக்கு நுரையீரலில் கட்டி. ஆரம்ப நிலைதான், அறுத்து எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் புதன்கிழமைக்கு நாள் குறித்திருந்தார். எடுக்கிற கட்டியில் ஒரு துண்டு ஆராய்ச்சிக்கு வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். அப்புறம் அறுத்து எடுக்கவும் வழியிருக்காது. ஆரம்ப நிலைக் கட்டி கிடைப்பதே அபூர்வம். இதுவும் கைநழுவினால் அவள் ஆராய்ச்சி பாதியில் நிற்கும்.

வந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "காபி போடட்டுமா?" என்றாள் மலர்க்கொடி. "டீ போடு" என்றார் மாணிக்கவேல். அவள் ஃபேனைப் போட்டாள். "குளுருது, நிறுத்து" என்றார். விசைப்படகில் காலமெல்லாம் கடலுக்குப் போய்வந்த உடம்பு. இருமினால்தான் நோயாளி என்று தெரிகிறது.

"என் கட்டிய வெச்சி என்னா பண்ணுவ, பாப்பா?"

"கட்டி மட்டும் போதாதுங்க ஐயா, அதைச் சுத்தி இருக்கறதும் வேணும். ஒரு தெருவுக்கு ரவுடி ஒருத்தன் குடிவர்றான்னு வெச்சுக்குங்க. தனியா அவனால ஆட்டம் போட முடியுமா? அக்கம்பக்கத்துல ஒருத்தன் சோறு போடுவான், ஒருத்தன் வழி விடுவான். பிடிக்க வர்ற போலீஸ்காரனையே தூங்க வெச்சிடுவான். உடம்புக்குள்ளயும் இதே கதைதான். யாரு சோறு போடுறா, யாரு தூங்குறான்னு கண்டுபிடிச்சிட்டா, அதுக்குத் தகுந்த மருந்து குடுக்கலாம்."

"எங்க சங்கத்து எலெக்‌ஷன் மாதிரின்னு சொல்லு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"இதனால உங்களுக்கு நேரடியா ஒரு பலனும் இல்லீங்க. பின்னால வர்றவங்களுக்குத்தான். இஷ்டம் இருந்தா மட்டும் குடுங்க."

அவர் தாடையைத் தடவினார். மலர்க்கொடி பாய்ந்தது அப்போதுதான்.

"இதுல யோசனை என்னா வேண்டிக் கெடக்கு? ஆபரேஷனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மனுசன் ஒடம்புல உள்ளத எடுத்து பாட்டில்ல போட்டு ஊரு ஊரா வேடிக்கை காட்டுவாங்களாம்! ஒரு துண்டுகூடக் கிடையாது!"

"வேடிக்கை இல்லீங்கம்மா. பிரான்சுல ஒரு லேபுக்குக் கொஞ்சம்..."

"பிரான்சுக்கா?" மாணிக்கவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விசா?"

"கட்டிக்கு விசா வேணாங்க ஐயா."

"பாத்தியா புள்ள! ஒன் தம்பி விசாவுக்கு அலையா அலைஞ்சி செருப்பு தேஞ்சான். நான் நோவாம போறேன் பாரு!"

"நீங்க ஒரு எடமும் போவ வேணாம். ஆசுபத்திரி வாசப்படிய மிதிச்சீங்க, நான் எங்க அம்மா வூட்டுக்குப் போயிருவேன்!"

ஷர்லோத்துக்கு ஆத்திரம் வந்தது. புருஷன் உயிரைவிட இந்தப் பொம்பளைக்கு வறட்டுப் பிடிவாதம் பெரிதா? இப்படியும் ஒரு மனைவி இருப்பாளா? மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாங்கம்மா. ஆனா ஆபரேஷனை மட்டும் நிறுத்திடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஒக்காரு பாப்பா!" மாணிக்கவேல் போட்ட அதட்டலில் திடுக்கிட்டுப்போய் உட்கார்ந்தாள். "இந்த வூட்ல யாரு சொல்றது சட்டம்? என் கட்டி, என் இஷ்டம். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு. புதன்கெழம நான் போயிப் படுக்கறேன், எவ தடுக்கறான்னு பாக்கறேன். டாக்டருக்கு இப்பவே போனப் போடு!"

போட்டாள். அவரே வாங்கிப் பேசினார். "நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஷர்லோத்தின் காதிலும் விழுந்தது.

மலர்க்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க உள்ளே ஓடிவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது ஷர்லோத்துக்கு மனசே சரியில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நல்லா இருந்த குடும்பத்தில் சண்டையை மூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"ஏ பாப்பா! நில்லு!"

திரும்பினால், மலர்க்கொடி மூச்சிரைக்க ஓடிவருகிறாள். கையில் ஏதோ பை. நடுரோட்டில் இன்னொரு கச்சேரி இருக்கிறது என்று நினைத்த ஷர்லோத், "மன்னிச்சிடுங்கம்மா" என்று முந்திக்கொண்டாள்.

மலர்க்கொடி பையை அவள் கையில் திணித்தாள். உள்ளே இறால்.

"காலைல வந்த எறா. ஒங்க அம்மாகிட்ட குடுத்து வறுக்கச் சொல்லு."

"என் மேல கோவம் இல்லீங்களா?"

"ஒன் மேல எனக்கென்னா கோவம்?" மலர்க்கொடியின் கண்ணில் தண்ணீர்; முகமெல்லாம் சிரிப்பு. "ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு ஒரு மாசமா நானும் டாக்டரும் கெஞ்சாத நாளில்ல. டாக்டரு தேதிகூட குறிச்சிப் பாத்தாரு. அசைஞ்சுதா அந்த மனுசன்? இன்னைக்கித்தான் தாயி, வேணாம்னு சொல்லிப் பாத்தேன்!"