கரண்ட் போனால் ஒரு பாட்டு

கரண்ட் போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த தறிகள் அத்தனையும் நின்றன. எனக்கு நெஞ்சு பக்கென்றது.

ஊரில் எல்லாரும் கரண்ட் போனால் புழுங்குதே என்று திட்டுவார்கள். எனக்குப் புழுக்கம் ஒரு பொருட்டே இல்லை. இந்த அமைதியைக் கண்டால்தான் பயம்.

எனக்குக் காது கேட்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்து, போன பங்குனியோடு சுத்தமாகப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

தறி ஓடும்போது கவலையே இல்லை. அந்த இரைச்சலில் யாருக்குத்தான் காது கேட்கிறது? சங்கரன்கோவில் தறிக்கூடத்தில் ஊர்வம்பு முழுவதையும் வாயசைவிலும் கைச்சாடையிலும்தான் பேசுவோம். அதில் நான் கெட்டிக்காரி. நாலு தறி தள்ளி நின்று ஒருத்தி மாமியாரைத் திட்டினாலும் ஒரு வார்த்தை விடாமல் பிடித்துவிடுவேன்.

கரண்ட் போனால்தான் வில்லங்கம். முதலாளி சண்முகையா அண்ணாச்சிக்குத் தெரிந்தால் என்னிடமிருந்து தறியை வாங்கிவிடுவார். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் ஊடுநூலைக் கொண்டு ஓடுகிற நாடா சிக்கினால் தறியின் சத்தம் மாறும். அதைக் கேட்டு உடனே நிறுத்த வேண்டும். செவிட்டுப் பொம்பளை கையை வைத்து அதிர்விலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று சொன்னால் நம்பவா போகிறார்? தறி போனால் மகளின் நர்சிங் படிப்பும் அதோடு போச்சு.

இதில் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் வேறு. கரண்ட் போனால் ஒருத்தி தனக்குப் பிடித்த பாட்டைப் போனில் போட்டுக் காட்டவேண்டும். எல்லாரும் தலையைச் சேர்த்து வைத்துப் பார்ப்போம்.

என் முறை வரும்போதெல்லாம் நெட் இல்லை, சார்ஜ் இல்லை, வயிறு சரியில்லை என்று நழுவிவிடுவேன். வயிற்றைச் சொல்லிச் சொல்லி, அடுத்த தறி மீரா பீவி அக்கா ஒருநாள் ஓமத்தண்ணி பாட்டிலே வாங்கிவந்து கொடுத்துவிட்டாள்.

இன்றைக்கு ஜஸீமா வாசலை மறித்து நின்றுகொண்டாள். புளியங்குடி பஸ்ஸில் வருகிற சின்னப் பிள்ளை. கூடத்திலேயே பெரிய வாயாடி.

“இன்னைக்கு ஒங்க பாட்டுதான்க்கா. வயிறு வலிக்குன்னு சொன்னியன்னா இங்கனயே ஊசி போட்டுருவேன்.”

அவள் உதட்டில் படித்தேன். தப்பிக்க வழியில்லை. போனை எடுத்தேன்.

காது நன்றாக இருந்த காலத்தில் சலிக்கச் சலிக்கக் கேட்ட பாட்டு அது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒருத்தி பாடுவாள். பஸ் மழைக்குள் போய்க்கொண்டே இருக்கும். அவள் எங்கே வாய் திறப்பாள், எங்கே மூச்சு வாங்குவாள், எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வீடியோவைப் பார்த்தாலே போதும், மண்டைக்குள் பாட்டு தானாக ஓடும்.

எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாட்டைப் போட்டேன்.

ஜஸீமா மீரா பீவி அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா சும்மா இரு என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

என் பாட்டு பிடிக்கவில்லை போல. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? பாட்டுக்குத் தக்கபடி தொடையில் தாளம் போட்டேன்.

அந்த நேரம் பார்த்தா அண்ணாச்சி வரவேண்டும்? வாசலில் வெள்ளை வேட்டி தெரிந்தது. ஆறுமுகத்தாய் என்று பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வேன்?

சட்டென்று ஜஸீமா பாட ஆரம்பித்தாள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடினாள். மீரா பீவி அக்கா சேர்ந்துகொண்டாள். பிறகு எல்லாருமே. என் கண் திரைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் வாயைப் பார்க்க எனக்கு ஏது நேரம்? என் கையைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் கைதட்டியது மட்டும் தெரிந்தது.

அடேயப்பா, என் பாட்டுக்கு இத்தனை மவுசா! பயத்துக்கு நடுவிலும் பெருமை தாங்கவில்லை.

அண்ணாச்சி ஏதோ கேட்டார். மீசைக்குள் என்ன சொன்னாரோ, எனக்குப் பிடிபடவில்லை. ஜஸீமா அவருக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினாள். தறி ஓடும்போது பேசுகிற மாதிரியே வாயை அகலமாக அசைத்தாள்.

“யாரு பாட்டுன்னு கேக்காவ.”

“என் பாட்டுதான் அண்ணாச்சி!” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாட்டு முடிந்தது. அப்பாடா என்று போனை அணைக்கப் போனேன். விரல் தவறி, சத்தத்தைக் குறைக்கிற பொத்தானில் பட்டுவிட்டது. திரையில் சத்தத்தின் கோடு எட்டிப்பார்த்தது.

குறைக்க அதில் ஒன்றுமே இல்லை. சுத்தமாக அடியில் கிடந்தது. மகள் படிக்கிறாள் என்று நேற்று வீட்டுக்காரர் குறைத்து வைத்திருப்பார். எனக்குத் தெரிந்தால்தானே!

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அந்தப் போன் வாயே திறக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. வாயாடி ஜஸீமா, அறுந்த நூல் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

எத்தனை நாளாக இவர்களுக்குத் தெரியும்? எத்தனை முறை என்னை இப்படிக் காப்பாற்றியிருக்கிறார்கள்? கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

“நல்லா இருப்பிய தாயி. எல்லாரும் நல்லா இருப்பிய” என்றேன். சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா, தெரியாது.

மீரா பீவி அக்கா என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாக உதட்டை அசைத்தாள்.

“அழாதட்டி. நாங்க வாய்க்கு வந்ததப் பாடிக் கிடந்தோம். இப்ப சத்தத்தக் கூட்டிப் போடு, ஒம் பாட்ட நாங்க இன்னும் கேக்கவேயில்லல்லா.”