மெழுகு காயணும்

"இன்னைக்காவது அக்கா வீட்டுக்குக் கார்ல போலாமா?"

"போட்ட மெழுகு காயணும்" என்றார் கணவர், பானட்டைத் துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தபடி.

கார் வந்து மூன்று மாதமாகிறது. பாலிஷ், அதற்கு மேல் செராமிக் பூச்சு, அதற்கும் மேல் மெழுகு. வாசலை விட்டு ஓர் அடி நகரவில்லை.

"கார் வாங்கினியா, சிலை வாங்கினியான்னு அக்கா கேக்கறா. நேத்தும் பஸ்ல நின்னுட்டே போனேன்."

"வெயில்ல எடுத்தா பூச்சு போயிடும்."

"மழையில?"

"சேறு அடிக்கும்."

"அப்ப நான் என்னைக்குத்தான் ஏறுறது?"

உள்ளே அவருடைய போன் அடித்தது. அவர் கையெல்லாம் மெழுகு. அவளே போய் எடுத்தாள்.

"சார், டிரைவிங் ஸ்கூல்லேருந்து. நாளைக்கு அஞ்சாவது தடவையா டெஸ்ட். ரிவர்ஸ் எடுக்கறப்ப மட்டும் பதறாதீங்க. வீட்ல இன்னும் சொல்லலையா?"

போனை வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"போன்ல யாரு?"

"ராங் நம்பர். நான் பஸ்லயே போயிட்டு வரேன்."

மெழுகு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நல்லாக் காயட்டும். பின்பக்கம் மட்டும் பதறாமப் பாத்துச் செய்யுங்க."