எந்த நாட்டு அடுப்பு?

"எந்த நாட்டுச் சரக்கு இது?" கேஸ் அடுப்பைத் திருப்பிப் பார்த்தார் சுங்க அதிகாரி.

"பாகமெல்லாம் நாலு நாட்டுலேருந்து வந்தது சார். மாட்டினது ஒரே இடம். அந்த நாட்டுப் பேரையே போட்டுடுங்க" என்று குழைந்தார் ஏஜென்ட்.

"மேலதிகாரி மாறியாச்சு. அதெல்லாம் நடக்காது, கழட்டுய்யா."

கழட்டிய வால்வில் சிவப்புப் பெருக்கல் குறி. அதிகாரி அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கசிகிறதென்று உள்ளூர்த் தொழிற்சாலை ஒதுக்கிய வால்வு அது. போன வருஷம் பழைய பித்தளை என்று அதைக் கப்பலேற்றக் கையெழுத்துப் போட்டவரே இவர்தான்.

"போன மாசச் சரக்குலயும் இதே வால்வா?"

"ஆமா சார். அப்ப நீங்க பெட்டியைக்கூடப் பிரிக்கலியே!"

பிரிக்கவில்லைதான். அன்பளிப்பாக வந்த அடுப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தியிருந்தார்.

பதறிப்போய் மனைவிக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேங்க. சமையலறையில ஒரே நாத்தம். இருங்க, லைட்டைப் போட்டுப் பாக்கறேன்…"