நாலு பல்லும் நவராத்திரியும்

நாலு பல்லையும் அவசரமில்லாமல் பார்க்கவேண்டும் என்று கோமளம் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் மெஹபூப் அலி தலையாட்டினார். லஸ் பக்கத்தில் முப்பது வருஷமாகப் பல் பார்க்கிறவர். அவர் மேஜையில் குறடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாங்கம் எப்போதும் இருக்கும். அமாவாசையன்று வாயைத் திறக்கமாட்டேன், செவ்வாய்க்கிழமை ரத்தம் வரக்கூடாது என்கிற மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாள் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், அவரே வருஷா வருஷம் வாங்கி வைத்துக்கொள்வது.

அந்தப் பஞ்சாங்கத்தை நம்பித்தான் கோமளம் வந்திருந்தாள்.

மகள் சாருலதா நேற்று விடியற்காலை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருந்தாள். நியூ ஜெர்ஸியிலிருந்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஆறு வருஷமும் லீவு இல்லை, கை ஒழியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். கடைசியில் நாலு பல் சொத்தையாகித்தான் வழி பிறந்தது. அங்கே ஒரு பல்லுக்குக் கேட்கிற தொகையில் மெட்ராஸ் வந்துபோக டிக்கெட்டே எடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளையே சொன்னாராம். இருபத்தோரு நாள் லீவு என்றாள் சாரு. பெண்ணுக்குப் பல்வலி என்பதையே மறந்து, கோமளம் ஃபோனில் சிரித்துவிட்டாள்.

ஆனால் இருபத்தோரு நாள் முடிந்து அவள் விமானம் ஏறின ஐந்தாம் நாள் கொலு வைக்கவேண்டும். வந்த பெண் குளித்துவிட்டு வருவதற்குள் கோமளம் காலண்டரில் அதைப் பார்த்துவிட்டாள். இன்னும் பதினைந்து நாள் கிடைத்தால் போதும்.

இப்போது சாரு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தெற்கு மாட வீதியில் காய் வாங்கி வருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய கோமளம், காய்க்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஜைமேல் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அங்கத்து டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயும் எழுதிய காகிதங்களும். முன்கூட்டியே அனுப்பினால் நல்லது என்று மெஹபூப் அலி கேட்டு, சாரு கூரியரில் அனுப்பி வைத்தது. அவர் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கோமளமும் நாற்காலி நுனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கறுப்பில் வெள்ளையாக வரிசை பிசகாமல் நின்ற பெண்ணின் பற்களைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஏழு வயதில், ஆடின ஒரு பால்பல்லுக்கு இதே அறையில் ஊரைக் கூட்டியவள்.

கோமளம் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். செவ்வாயும் சனியும் கூடாது. அமாவாசை கேட்கவே வேண்டாம். ஏகாதசியன்று பட்டினி கிடக்கிற வாயை நோண்டக்கூடாது. சாரு ஜன்மத்தில் ஏகாதசி இருந்ததில்லை, அது வேறு விஷயம். உத்திரட்டாதி அவள் நட்சத்திரம், அன்றைக்கு ஆகாது. சந்திராஷ்டமம் இரண்டேகால் நாள். அப்புறம், ஒரு பல் முழுசாக ஆறினால்தான் அடுத்த பல்லைத் தொடவேண்டும்.

"மாமி, உங்க கடைவாய்ப் பல்லை நான் அமாவாசை அன்னிக்குத்தானே எடுத்தேன்?"

"அது என் பல். இது அவ பல்."

டாக்டர் சிரித்துவிட்டார். கோமளத்துக்கும் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில், சொல்லவேண்டாம் என்று வைத்திருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"சீக்கிரம் முடிச்சுட்டேள்னா பொட்டியத் தூக்கிண்டு கிளம்பிடுவா, டாக்டர். ஒரு பதினஞ்சு நாள் இழுத்துக் கொடுங்கோ. கொலுவுக்கு ஆத்துல இருக்கட்டும்."

டாக்டர் ஃபிலிமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமளம் நாற்காலி நுனியிலிருந்து பின்னுக்கு நகர்ந்தாள். தப்புத்தண்டாவுக்குப் போகாத மனுஷர். அவரைப் போய்ப் பொய் சொல்லச் சொல்கிறோமே. முடியாது என்றுவிட்டால் எந்த முகத்தோடு எழுந்து போவது?

அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். பென்சிலை எடுத்து, கோமளம் சொன்ன நாள்களை ஒவ்வொன்றாக அடித்தார். அவள் சொல்ல மறந்த கரிநாள் இரண்டையும் அவரே தேடிப் பிடித்து அடித்தார்.

"விஜயதசமிக்கு முன்னால முடியாது, மாமி. டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லிடுங்க. அதுக்கு மேலயும் நாள் ஆகலாம்."

அதற்கு மேலேயுமா? கோமளத்தால் உட்கார முடியவில்லை. ஒன்பது நாள் சுண்டலும் மனசுக்குள் கொதிக்க ஆரம்பித்துவிட்டன. சாருவுக்குப் புதுசாக ஒரு புடவை எடுக்கவேண்டும். நாளைக்கே பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கச் சொல்லவேண்டும். இழுக்கிற இழுப்பில் தீபாவளிகூட வந்துவிடும் போலிருக்கிறதே.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தான் வந்துபோனது சாருவுக்குத் தெரியவே கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்றார் டாக்டர்.

அவள் காலிப் பையை வீசிக்கொண்டு, இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து, இருபது வயதுக்காரி மாதிரி ரோட்டைக் கடந்து போவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஃபிலிமை உறைக்குள் போட்டார். நாலு பல்லையும் நியூ ஜெர்ஸியிலேயே மார்ச் மாதம் அடைத்து முடித்திருந்தார்கள். அந்தக் காகிதங்களோடு, சாருலதா தன் கையால் எழுதிய ஒரு தாளும் இருந்தது.

'நான் திரும்பி அவரிடம் போவதாக இல்லை, டாக்டர். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வருகிறவரை, வைத்தியம் இன்னும் முடியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருங்கள்.'