கிளம்பிக்கொண்டே இருந்த மைட்டோகாண்ட்ரியா

செல்லுக்குள் ஆற்றல் சமைத்துப்போடும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நான் ஒரு காலத்துல வெளியிலேர்ந்து வந்த பாக்டீரியா. எப்ப வேணா கிளம்பிடுவேன்" என்று புலம்பிக்கொண்டே இருக்கும். போகும்போது சுமை எதற்கென்று, தன் மரபணுக்களைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக உட்கருவிடம் கொடுத்து வைத்துவிட்டது.

ஒருநாள், கழிவு தின்னும் லைசோசோம் அதை இடித்துவிட்டது.

"இனி ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன்!"

கோபத்தோடு கிளம்பிய வேகத்தில் அதன் மேல்சவ்வு கிழிந்தது. தைக்கத் தெரியவில்லை. உட்கருவிடம் ஓடியது.

"தைக்கிற மரபணு உன்கிட்டதானே இருக்கு?"

"இருக்கு. போறதுன்னா நீ கொடுத்துவச்ச மரபணு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ."

மைட்டோகாண்ட்ரியா தன் உள்ளே பார்த்தது. மடிப்புக்கு மடிப்பு அடுப்புகள். எதையும் வைக்க இடமில்லை.

"இதை மட்டும் தச்சுக்கொடு. நாளைக்குக் கண்டிப்பா கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்பை மூட்டப் போனது.