ஆறாத இன்ஜின்

பழைய டீசல் வேனைப் பார்க்கப் போனால், முதல் வேலையாக இன்ஜின் மேல் உள்ளங்கையை வைப்பது மெக்கானிக் கொழுந்தனின் வழக்கம். விற்கிறவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்துவிட்டால் இன்ஜினின் நோவெல்லாம் மறைந்துவிடுமாம். இந்த வேனை வாங்க அவனைக் கூட்டி வந்த அண்ணிக்குச் சலவைத் தொழில். வண்டி படுத்தால் தொழிலும் படுத்துவிடும்.

பானெட்டைத் திறந்து கை வைத்தவன் முறைத்தான். "சூடா இருக்கே! எங்களை என்னன்னு நெனச்சீங்க?"

வண்டிக்கார அம்மா பேட்டரி இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். அங்கே ஒட்டடைதான் இருந்தது. "எங்க வீட்டுக்காரர் போனதிலிருந்து யாருமே தொடலைப்பா. இருந்தவரைக்கும் விடியறதுக்குள்ள கிளப்பிச் சூடு பண்ணி வச்சிடுவார்."

கொழுந்தன் தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது, புகையே இல்லை. மேட்டில் ஏற்றி இறக்கினான். ஒவ்வொரு கியரும் வெண்ணெயாய் விழுந்தது.

"என் வழக்கப்படி இதை வேண்டாம்னுதான் சொல்லணும் அண்ணி," என்று தலையைச் சொறிந்தான். "ஆனா வாங்கிடுங்க."

அன்று சாயங்காலமே வேன் வீட்டு வாசலுக்கு வந்தது. மறுநாள் விடியலில் முதல் லோடு. சாவி இரவெல்லாம் அண்ணியின் தலையணைக்கடியில்தான் இருந்தது. ஜில்லென்ற காற்றில் கதவைத் திறந்து ஏறினாள். ஓட்டுநர் இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து அவளுக்கு இடம் விட்டதைப் போல.