இன்னும் ரெடியாகலை

“இன்னிக்கும் ‘அடுத்த வாரம்’னு சொன்னீங்கன்னா, நான் இங்கேயே உட்கார்ந்துடுவேன்” என்றாள் அவள், கைப்பையைக் கடை மேஜைமேல் பொத்தென்று வைத்து.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “அடுத்த வாரம் கண்டிப்பா ரெடி, மேடம்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க!”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வராதா பின்னே? அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து எடுத்த போட்டோ அத்தனையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. ஆல்பங்களைக் கரையான் அரிக்கத் தொடங்கியதும், ரிட்டயரான அப்பா ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து அதில் ஏற்றி வைத்திருந்தார். அரித்த ஆல்பங்களைத் தூக்கிப் போட்டாயிற்று; வேறு காப்பி கிடையாது.

ஒருநாள் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டார். அடுத்த முறை செருகியபோது ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஒயரை மாற்றிப் பார்த்தார். வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தார். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில் அது ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்க, மனுஷன் சரி என்று அழுத்தப் போனார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அவள் போன் செய்தாள்.

“அழுத்தாதீங்கப்பா! எல்லாம் அழிஞ்சிடும்!”

“மரியாதையாக் கேட்குதேம்மா, பதில் சொல்ல வேண்டாமா?” என்றார் அப்பா.

அப்பேர்ப்பட்டவரின் ஹார்ட் டிஸ்க் இந்தக் கடைக்கு வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது.

“உங்களால வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியுமா? நான் எப்பப் போனாலும் ரெண்டு பேரும் சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு ஒரே சண்டை. அந்தப் படத்துல நான் போட்டிருந்தது பச்சை கவுனா மஞ்சள் கவுனா, அன்னிக்கு மழை வந்துச்சா இல்லையா, குடையைத் தொலைச்சது யாரு... பார்க்கவே பாவமா இருக்கு. வயசான காலத்துல அவங்களைப் போட்டு இப்படி இழுத்தடிக்கறீங்களே!”

கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் துடைதுடையென்று துடைத்தார்.

“போதும், கொடுங்க. வேற கடையில பார்த்துக்கறேன்.”

“இல்ல மேடம், பாதி வேலையில...”

“கொடுங்கன்னா!”

வேறு வழியில்லாமல் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கிய கையோடு அவள் தன் லேப்டாப்பைத் திறந்து அதில் செருகினாள். எவ்வளவு பாழாகியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

எல்லாம் இருந்தது. ‘புதுசு’, ‘புதுசு ரெண்டு’, ‘கடைசி’, ‘நிஜமாவே கடைசி’ என்று அப்பா பேர் வைத்த ஃபோல்டர்கள் ஒவ்வொன்றும் சமர்த்தாகத் திறந்தன. முன்பல் இரண்டும் இல்லாமல் அவள் இளித்துக்கொண்டு நிற்கும் படமும் வந்தது. கவுன் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. நீலம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே சண்டைக்கும் போனாள்.

“எல்லாம் நல்லாத்தானே இருக்கு! அப்புறம் எதுக்கு இத்தனை நாளாப் பொய் சொன்னீங்க? வெட்கமா இல்ல?”

“முதல் வாரமே சரி பண்ணிட்டேன் மேடம். வாங்கிட்டுப் போக வந்த உங்கம்மாதான் வேண்டாம்னுட்டாங்க.”

“அம்மாவா?”

“‘ரிட்டயரானதுலேருந்து அவர் ரூம்ல கம்ப்யூட்டரோட, நான் ஹால்ல டிவியோட. சாப்பிட வாங்கன்னு கூப்பிடறதோட எங்க பேச்சு முடிஞ்சிடும். இது கெட்டுப்போன பிறகுதான் பக்கத்துல வந்து உட்கார்ந்து, அது எந்த ஊரு, அன்னிக்கு நாம என்ன பேசினோம்னு என்னைக் கேட்டுக்கிட்டிருக்கார். இன்னும் ரெடியாகலைன்னே சொல்லிடுங்க தம்பி’ன்னு கும்பிடாத குறையாக் கேட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

சண்டை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதுதானா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்பாவைப் போலப் பிடுங்காமல், ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி கழற்றிக் கடைக்காரரிடமே நீட்டினாள்.

“பத்திரமா ஒரு காப்பி போட்டு வைங்க. யார் கேட்டாலும் இது இன்னும் ரெடியாகலை.”

“சரிங்க மேடம்.”

“ஆனா அப்பாதான் பாவம். எல்லாம் போச்சேன்னு உள்ளுக்குள்ள தவிச்சுக்கிட்டிருப்பார். அவர் காதுல மட்டும் ரகசியமாப் போட்டுடறேன்.”

“அவர் காதுலயா?” கடைக்காரர் சிரித்துவிட்டார். “அம்மா வந்ததுக்கு முந்தின நாளே வந்து எல்லாத்தையும் பார்த்துட்டார் மேடம். ‘என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவே கூடாது, தெரிஞ்சா மறுபடி டிவி முன்னாடி போய் உட்கார்ந்துடுவா’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுல்ல போனார்!”